சிவப்பு மை

வகுப்பறையிலே பிழை விடுபவன் மாணவன் மட்டுமே என்றெண்ணுவது ஆசிரியர்களாகிய எம்மிடம் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கம். மாணவனுடைய பிழையைத் திருத்தச் சிவப்பு மை இருக்கின்றது. ஆசிரியனுடைய பிழையைத் திருத்துவோர் எவருமில்லை. அவனே கண்டு, அவனே நாணித் திருத்திக்கொள்ளல் வேண்டும். அவ்வாறு நான் நாண நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே கூற விரும்புகின்றேன்.

உயர்தர வகுப்பிலே தமிழ் கற்கும் என் மாணவர்க்கு வாரத்துக்கொரு சிறு கட்டுரையைக் கொடுத்து, அதனை வாசித்தபோது தம் மனத்தில் எழுந்ததை ஒரு பக்கத்தில் எழுதி வருமாறு கூறியிருந்தேன். அதற்கெனத் தனிக் கொப்பி ஒன்றும் வைத்துக்கொண்டனர். ஒரு மனிதர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து நம்மோடு உரையாடுவது போன்ற சிறு கட்டுரைகளை அவர்கள் அதிகம் அறியார். உ. வே. சாமிநாதையர் தாம் கண்டவை கேட்டவை பற்றி எழுதிய கட்டுரைகள் சிலவற்றை முதலிற் கொடுத்தேன். பின்னர் ஆங்கிலத்திலிருந்து சிலவற்றை நானே தமிழாக்கிப் பிரதியெடுத்து வழங்கினேன்.

இவ்வகைக் கட்டுரைக்கு மேனாட்டிலே வழி திறந்தவர் பிரெஞ்சு நாட்டு மொந்தேன். 1580 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலுக்கு அவர் இட்ட பெயருக்கு 'முயற்சிகள்' என்பதே பொருள். நமது 'கட்டுரை' என்னும் சொல்லோ மிகப் பழையது. சிலப்பதிகாரத்திலே, கணவனை இழந்த கண்ணகியிடம் மதுராபதித் தெய்வம் வந்து பேசும் பகுதி கட்டுரை காதை எனப் பெயர் பெறும். ஒன்று முயன்று பார்த்தல். மற்றொன்று துயருற்ற ஒருத்திக்கு எடுத்துரைத்தல். இவ்விரண்டையும் வகுப்பிலே விளக்கமாகக் கூறிய நான், கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தபோது இரண்டையும் மறந்துபோனேன்.

முதல் வாரங்களில் வந்த பக்கங்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. "இக்கட்டுரை எளிய நடையில், ஆழ்ந்த கருத்துடன், வாசகர் உள்ளத்தைக் கவரும் வண்ணம் அமைந்துள்ளது." எந்தக் கட்டுரைக்கும் எழுதிவிடக்கூடிய வாக்கியம் இது. சோதனைக்கெனத் தயாரிக்கப்பட்ட குறிப்புகளிலிருந்து வந்ததென்று தெரிந்தும், பிழையில்லாத தமிழ் என்பதற்காக 20க்கு 14, 15 எனப் புள்ளிகள் இட்டேன்.

வேறுவிதமாக எழுதியோர் இருவர். ஒருத்தி, ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய கட்டுரையைப் பற்றி எழுதியவள். ஓர்வெல் 1920களில் பர்மாவிலே பொலிஸ் அதிகாரியாக இருந்தவர். தூக்குமேடைக்கு நடத்திச் செல்லப்படும் ஒரு கைதியைப் பற்றி 1931 இல் அவர் எழுதிய கட்டுரையில், சில நிமிடங்களில் சாகப்போகும் அம்மனிதன், வழியிலே தேங்கிக் கிடந்த நீரிற் கால் படாதவாறு சற்றே விலகி நடக்கின்றான். "சாகப்போகிறவனுக்குக் கால் நனைந்தால் என்ன என்று முதலில் நினைத்தேன். பிறகு, நானும் விலகித்தான் நடந்திருப்பேன் என்று தோன்றியது" என இரண்டே வரிகள் எழுதியிருந்தாள் அம்மாணவி. 'விரித்து எழுதுக' என்று அதன்கீழ்ச் சிவப்பு மையால் எழுதினேன்.

மற்றையவன் எழுதியது சார்ள்ஸ் லாம் என்பவரின் கட்டுரை பற்றி. லாம் 1775 இல் லண்டனிற் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலகத்திலே 33 ஆண்டுகள் எழுதுவினைஞராக உழைத்தவர். 1796 இல் அவருடைய தமக்கை மேரி, சித்தம் பேதலித்த ஒரு வேளையிலே, பெற்ற தாயையே கொன்றுவிட்டாள். அப்போது தம்பிக்கு வயது 21. தமக்கையைப் பேணும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்ட லாம், தாம் இறக்கும்வரை மணம் செய்துகொள்ளவில்லை. எலியா என்ற புனைபெயரில் 1822 இல் அவர் எழுதிய 'கனவுக் குழந்தைகள்' என்ற கட்டுரையிலே, ஆலிஸ், ஜோன் என்னும் இரு பிள்ளைகள் தந்தையைச் சூழ்ந்திருந்து, பூட்டியாரைப் பற்றியும் இறந்துபோன பெரியப்பாவைப் பற்றியும் கதை கேட்கின்றனர். தந்தை சொல்லிக்கொண்டே போகின்றார். ஈற்றிலே பிள்ளைகளின் உருவம் மங்கி, விலகி, மறைந்துபோகின்றது. உண்மையிலே அவருக்குப் பிள்ளைகளே இல்லை. கதிரையிலே கண்ணயர்ந்திருந்த பிரமசாரி விழித்துக்கொள்கின்றார்.

இதனை வாசித்த அம்மாணவன் எழுதியிருந்தது வருமாறு:

"எங்கள் வீட்டில் சின்னம்மா இருக்கிறா. படுக்கையில் இருக்கும் அம்மம்மாவைப் பார்ப்பதற்காக அவ கலியாணம் செய்யவில்லை. தையல் வேலை செய்கிறா. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது பட்டத்துக்கு நூல் தேடி அவவின் அலுமாரியைத் திறந்தேன். மடித்து வைத்த ஒரு சின்னச் சட்டை இருந்தது. யாருக்கென்று கேட்டேன். என் மகளுக்கு என்று சொன்னா. நான் சிரித்து, ஓடிப்போய் எல்லாருக்கும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தா. அதற்குப் பிறகு அந்தச் சட்டையை நான் காணவில்லை. எலியாவின் பிள்ளைகள் மறைந்தபோது எனக்கு அந்தச் சட்டை ஞாபகம் வந்தது."

அன்றிரவு திருத்த வேண்டிய கொப்பிகள் இன்னும் பல இருந்தன. 'விடயத்துக்குப் புறம்பானது. ஆசிரியரின் கருத்தை எழுதுக' என்று குறிப்பிட்டு, 20க்கு 6 புள்ளிகள் இட்டு, அடுத்த கொப்பியை எடுத்தேன்.

அதனை நான் மறந்தேபோனேன். மூன்று வாரங்களின் பின் அதே மாணவனின் கொப்பியில், "இக்கட்டுரை எளிய நடையில், ஆழ்ந்த கருத்துடன்…" என்ற வாக்கியத்தைக் கண்டேன். எழுத்து அழகாயிருந்தது, பிழை ஒன்றேனும் இல்லை. 15 புள்ளிகள் இடப் பேனையை எடுத்தவன், ஏதோ உறுத்தப் பின்பக்கங்களைப் புரட்டினேன். சின்னச் சட்டையின் கதையும், அதன்கீழ் என் சிவப்பு எழுத்தும் அங்கே இருந்தன.

ஒரு பிள்ளை தன் வீட்டின் அலுமாரியை எனக்குத் திறந்து காட்டியிருந்தான். நான் அதனை அறைந்து சாத்தியிருந்தேன். எட்டு வயதிலே அறியாமற் சிரித்ததற்காக அவன் பத்தாண்டின்பின் நாணினான். ஆசிரியனாகிய நானோ நாற்பது வயதுக்குமேல் அதே தவற்றைச் செய்தேன். ஆசிரியரின் கருத்தை எழுதுக என்றேனே, லாமின் கருத்து வேறெங்கே இருந்தது? அச்சட்டையின் மடிப்புக்குள்ளன்றோ இருந்தது!

மறுநாள் அவனை விறாந்தைக்கு அழைத்தேன். அவன் கண்முன்னே எனது குறிப்பையும் புள்ளியையும் வெட்டினேன்.

"தம்பி, இதிலை பிழை விட்டது நான்தான். நீர் வாசிச்ச மாதிரி நான் வாசிக்கேல்லை," என்றேன்.

அவன் சற்று நேரம் நிலத்தைப் பார்த்து நின்றான். பின்னர், "சேர், அந்தக் கட்டுரையிலை இன்னொரு பிரதி இருக்கோ? என்ரை பிரதி கிழிஞ்சுபோச்சு. சின்னம்மாவுக்கு வாசிச்சுக் காட்டலாமெண்டு நினைக்கிறன்," என்றான்.

என்னிடமிருந்த பிரதியையே கொடுத்தேன். கொடுத்தபின் அஞ்சினேன். ஆறிய புண்ணைக் கிளறுவதாகிவிடுமோ என்ற கவலை அவ்வாரம் முழுவதும் என்னை விட்டு நீங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவனுடைய கொப்பியைத்தான் முதலில் எடுத்தேன். கால் பக்கமே எழுதியிருந்தான். அம்மம்மா உறங்கியபின் வாசித்துக் காட்டினானாம். சின்னம்மா தையலை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாராம். முடிந்ததும், "அந்த மனுசன்ரை தமக்கையைக் கடைசிவரைக்கும் ஆர் பார்த்தது?" என்று கேட்டாராம். அவர் உயிரோடிருந்தவரை அவர்தான் பார்த்தார், 1834 இல் அவர்தான் முதலில் இறந்தார் என்று, நான் வகுப்பிற் சொல்லியிருந்ததை இவன் கூறினானாம். "அப்ப அவருக்கு வேலை இருந்திருக்கு," என்றாராம் சின்னம்மா. பிறகு, "அண்டைக்கு நீ சிரிச்சது எனக்குக் கோவமில்லையடா," என்றாராம். அவன் அன்றைய சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

ஓர்வெல்லைப் பற்றி இரண்டு வரி எழுதிய மாணவியின் கொப்பியையும் வாங்கி, 'விரித்து எழுதுக' என்பதை வெட்டிவிட்டேன். அவ்விரு வரிகளுக்குமேல் விரிப்பதற்கு அங்கு ஒன்றுமில்லை. சோதனைக்கு எழுதும் முறை வேறு என்பதை மாணவர்க்கு இன்றும் கற்பிக்கின்றேன்; அதுவும் என் கடமையே. ஆயின் இந்தக் கொப்பிகளுக்குப் புள்ளி இடுவதை நிறுத்திவிட்டேன். வாசித்து முடித்ததும் கையொப்பமும் திகதியும் மட்டும் இடுகின்றேன், நீல மையினால்.