சௌந்தரம் என்றால் சிவப்பு என்று யார் சொன்னது?

பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பதென்றால் இந்நாளில் வீடே இரண்டுபடுகிறது. நட்சத்திரத்துக்கு ஏற்ற எழுத்து வர வேண்டும், எண் கணிதம் கூடி வர வேண்டும், கூப்பிட ஸ்டைலாக இருக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே, அந்தத் தெருவில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது! இந்த அமளியில் ஓரம் கட்டப்பட்ட பெயர்கள் எத்தனையோ. அவற்றில் ஒன்று என்னுடையது. சௌந்தரம்.

'சுந்தர' என்ற வடசொல்லுக்கு அழகான என்று பொருள். அதிலிருந்து வந்தது சௌந்தரியம், அதாவது அழகு. மதுரையில் மீனாட்சியின் நாயகர் சுந்தரேசுவரர்; அழகர்கோயில் பெருமாள் சுந்தரராஜர். ஆக, சைவம் வைணவம் இரண்டுக்கும் பொதுவான பெயர் இது. எங்கள் வேடசந்தூர்ப் பக்கத்துக்கோ இன்னும் நெருக்கம். திண்டுக்கல்லிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் கரூர் சாலையில் இருக்கிறதே தாடிக்கொம்பு, அங்கே பெருமாள் சௌந்தரராஜர், தாயார் சௌந்தரவல்லி. ஆண் பிள்ளை பிறந்தால் சௌந்தரராஜன், பெண் பிறந்தால் சௌந்தரவல்லி அல்லது சௌந்தரம். ஊர் வாயில் விழுந்தால் அது 'சவுந்தரம்'. அவசரத்துக்கு 'சவுந்து'!

நான் பிறந்தது 1957-ல். அப்போது எங்கள் ஊர் மதுரை ஜில்லாவில் இருந்தது. "தாயாருக்கு நேர்ந்துக்கிட்டுப் பிறந்த புள்ள, அவ பேருதான்" என்றார்களாம் அப்பத்தா. அப்பாவுக்கோ வேறு ஆசை. அந்த வருஷத் தேர்தலில் வேடசந்தூர்த் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனவர் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். 'டாக்டரம்மா பெயர் வைக்கணும்' என்பது அப்பாவின் எண்ணம். இரண்டு ஆசைக்கும் ஒரே பெயர் பொருந்திவிட்டதால் சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று.

சங்கடம் வந்தது என் நிறத்தால். நான் நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடும்போதெல்லாம் பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு எழும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். முதன்முதலாகப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள், காபியைக் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்துக்கொண்டே, "பேரு சௌந்தரம்னாங்க, செக்கச்செவேல்னு இருக்கும்னு நெனச்சோம்" என்றாள். வரன் தட்டிப் போனது. அன்று ராத்திரி அப்பாவிடம் போய், "பேரை மாத்திடுங்கப்பா" என்று அழுதேன்.

அப்பா கோபிக்கவில்லை. "டாக்டரம்மான்னா உனக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டார். காந்திகிராமம், ஆஸ்பத்திரி என்றேன். "அவங்க நிறம் ஞாபகம் வந்துச்சா ஆத்தா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம்தான் அவர் கதையைச் சொன்னார்.

டாக்டரம்மா 1904-ல் பிறந்தவர். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சின்ன வயதிலேயே கல்யாணம். கணவர் டாக்டர் சௌந்தரராஜன். தகப்பனார், கணவர், தான் என்று மூவர் பெயரிலும் அழகுதான், பாருங்கள்! ஆனால் கணவரை இளம் வயதிலேயே பிளேக் நோய் கொண்டுபோய்விட்டது. விதவையை வீட்டு மூலையில் உட்கார வைத்த காலம் அது. அவரோ டில்லிக்குப் போய், லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டரானார். 1940-ல் காந்திஜியின் ஆசியோடு கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவருமாகச் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனை எங்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனை தாய்மார்களுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறது என்று சொல்லி முடியாது. 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் என இரண்டு முறை சட்டசபைக்கும், 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து பார்லிமெண்டுக்கும் போனார். மத்திய கல்வித் துறையில் துணை அமைச்சராகவும் இருந்தார். 1984-ல் காலமானார். 2005-ல் அவர் நினைவாகத் தபால்தலை வந்தது.

பெயர் மாற்றும் பேச்சு அன்றோடு நின்றது. என்னைக் கட்டிக்கொண்டவர் பெயருக்கும் நிறத்துக்கும் முடிச்சுப் போடாதவர். என் மகளை அந்தக் கஸ்தூரிபா மருத்துவமனையில்தான் பெற்றேன்.

போன வருஷம் என் மகளுக்குப் பெண் பிறந்தது. என்னையே உரித்து வைத்த நிறம். 'பேத்தி' என்ற சொல்லே 'பெயர்த்தி', பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் என்பதிலிருந்து வந்ததுதானே! என் பெயரை வைக்கலாம் என்று மகள் ஆசையாகச் சொன்னாள். கூடியிருந்த உறவில் ஒரு குரல்: "இந்த நிறத்துக்கு அந்தப் பேரா?" வருஷங்கள் எத்தனை ஓடினாலும் வார்த்தை மட்டும் மாறவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் விருப்பப்படி வேறொரு புதுப் பெயர் வைத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தொட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "என்ன பேரு வேணும்னாலும் வைங்க. கொஞ்சுறதுக்குக்கூடக் 'கருப்பி'ன்னு மட்டும் யாரும் கூப்பிடக் கூடாது." சம்பந்தியம்மா முதலில் முகத்தைத் தூக்கினார். இப்போது அவரே யாராவது அப்படிச் சொன்னால் அதட்டுகிறார்.

இளம் தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. பிறப்பைப் பதிவு செய்யும்போது பெயர் முடிவாகாவிட்டால் பதறாதீர்கள். ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பின்னும் பதினைந்து வருஷம் வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் எழுத்தில் கவனம் வேண்டும். என் பள்ளிச் சான்றிதழில் 'சௌந்தரம்', ரேஷன் கார்டில் 'சவுந்தரம்'. இருவரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க நான் அலைந்த அலைச்சல் உங்கள் குழந்தைக்கு வேண்டாம்.

சான்றிதழில் ஏறும் பெயரை எல்லோரும் யோசித்துத்தான் வைக்கிறோம். வாய்க்கு வந்தபடி கூப்பிடும் பெயரை யாரும் யோசிப்பதில்லை. குழந்தையின் காதில் தினம் நூறு தரம் விழுவது அந்தப் பெயர்தான் சகோதரிகளே!