ரெண்டு பக்கமும் டை... நடுவுல நாட்றம்பள்ளி!

மொதல்ல ஒரு குட்டி க்விஸ். டெஸ்ட் கிரிக்கெட் 1877-ல் ஆரம்பிச்சதுல இருந்து 2,500-க்கும் மேல மேட்ச் நடந்து முடிஞ்சிருக்கு. அதுல எத்தனை 'டை'? கவனிங்க, டிரா இல்ல சாமி... டை! ரெண்டு டீமோட மொத்த ரன்னும் சமமா இருக்கணும், கடைசி விக்கெட்டும் விழுந்திருக்கணும்.

விடை, ரெண்டே ரெண்டு. ஒண்ணு 1960-ல் பிரிஸ்பேன். இன்னொண்ணு 1986-ல் நம்ம சேப்பாக்கம்.

இந்தக் கேள்வியை என்கிட்ட மொதல்ல கேட்டது எந்த கிரிக்கெட் வெப்சைட்டும் இல்ல. நாட்றம்பள்ளியில இருக்கிற என் மாமா. வாணியம்பாடியில ஒரு தோல் ஷாப்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். இதுவரை எந்த ஸ்டேடியத்துக்குள்ளயும் கால் வெச்சது கிடையாது. ஆனா சேப்பாக்கம், சின்னசாமி ரெண்டு கிரவுண்டோட ஜாதகத்தையும் கேட்டா, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வார்.

காரணம் சிம்பிள். நாட்றம்பள்ளி இருக்கிறது சென்னை - பெங்களூரு ஹைவேயில. பைபாஸ்ல நின்னு கிழக்கே பார்த்தா, 200 கிலோ மீட்டருக்கு மேல போனா சேப்பாக்கம். மேற்கே திரும்பினா, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, சுமாரா 130 கிலோ மீட்டர்ல சின்னசாமி ஸ்டேடியம். எங்க பாஷையில சொன்னா, இது ஒரு 'சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம்'. ரெண்டு முனையில ரெண்டு டெஸ்ட் கிரவுண்டு. நடுவுல லோடு மாதிரி உட்கார்ந்திருக்கிறது நாட்றம்பள்ளி. எந்த முனை பக்கமோ அங்கதான் ரியாக்‌ஷன் அதிகம்னு செகண்ட் இயர்ல படிச்சோம். ஊர்ப் பசங்க பாதிப் பேர் பெங்களூரு ஜெர்ஸியில சுத்துறதைப் பார்த்தா, ஃபார்முலா கரெக்ட்டுதான் போல!

போன தடவை லீவுல அங்க போயிருந்தப்போ, மாமாவோட பழைய நோட்டைப் பார்த்தேன். முன்பக்கம் ஓவர்டைம் கணக்கு. பின்பக்கம் திருப்பினா ஸ்கோர். தலைப்பே 'நம்ம ரோடு'னு போட்டிருக்கார். கிழக்கு ஒரு பக்கம், மேற்கு ஒரு பக்கம். இந்த ரெண்டு கிரவுண்டுல நடந்தது மட்டும்தான் அதுல இடம் பிடிக்கும். லார்ட்ஸ், மெல்போர்ன் எல்லாம் அவுட் ஆஃப் சிலபஸ்!

கிழக்குப் பக்கத்தோட மொத என்ட்ரி 1952. இந்தியா ஜெயிச்ச முதல் டெஸ்ட், சேப்பாக்கத்துல, இங்கிலாந்துக்கு எதிரா, இன்னிங்ஸ் அண்ட் 8 ரன். வினூ மன்கட் மட்டும் 12 விக்கெட். இது மாமா பொறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது. "அப்பன் பேரு எழுதாம புள்ள பேரு எழுதலாமாடா?"னு கேட்கிறார்.

அடுத்து 1988 ஜனவரி. நரேந்திர ஹிர்வானின்னு கண்ணாடி போட்ட 19 வயசுப் பையன், முதல் டெஸ்ட்டே சேப்பாக்கத்துல, எதிர்ல விவ் ரிச்சர்ட்ஸோட வெஸ்ட் இண்டீஸ். ரெண்டு இன்னிங்ஸ்லயும் எட்டு எட்டு விக்கெட்! மொத்தம் 136 ரன்னுக்கு 16. இதுக்கு முன்னாடி அறிமுக டெஸ்ட்ல 16 விக்கெட் எடுத்தவர் 1972-ல் லார்ட்ஸ்ல ஆஸ்திரேலியாவோட பாப் மாஸி. அவர் கொடுத்தது 137 ரன். ஒத்தை ரன்ல ரெக்கார்டு நம்ம பையன் கைக்கு வந்துடுச்சு. அதே மேட்ச்ல விக்கெட் கீப்பர் கிரண் மோரே செஞ்ச ஸ்டம்பிங் மட்டும் ஆறு. அதுவும் ரெக்கார்டு. பேட்ஸ்மேன் எல்லாம் பால் எங்க போகுதுன்னே தெரியாம கிரீஸை விட்டு ஓடி வந்திருக்காங்க.

முச்சதம்? டெஸ்ட்ல இந்தியர்கள் அடிச்சது மொத்தம் மூணு. அதுல ரெண்டு சேப்பாக்கத்துல. 2008-ல் சேவாக் 319, 2016-ல் கருண் நாயர் 303 நாட் அவுட். நாயர் கர்நாடகா டீம் பேட்ஸ்மேன். ஆக, மேற்கு முனையில வளர்ந்தவர் கிழக்கு முனைக்கு வந்து அடிச்ச முச்சதம் அது. ஆனா பாருங்க, அடுத்த டெஸ்ட்ல ஆளுக்கு டீம்லயே இடம் இல்ல. அப்புறம் 2017-ல் கொஞ்சம் ஆடினதோட சரி. திரும்ப இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினது 2025 ஜூன்ல, லீட்ஸ்ல. அங்க முதல் இன்னிங்ஸ்ல டக்! 300-க்கு அப்புறம் எட்டு வருஷக் காத்திருப்பு, அப்புறம் சைபர். மாமா அந்த என்ட்ரிக்குப் பக்கத்துல மட்டும் சின்னதா 'பாவம்'னு எழுதியிருக்கார். வேற எங்கயும் கமென்ட் கிடையாது.

சரி, டைக்கு வருவோம்.

1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. மாமாவுக்கு 17 வயசு. தோல் ஷாப்ல சேர்ந்து நாலு மாசம். உள்ள ஒரு பாய் ரேடியோ வெச்சிருந்தாராம். ஆஸ்திரேலியாவோட டீன் ஜோன்ஸ் அந்த வெயில்ல வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கிரெக் மேத்யூஸோ அதே வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பவுலிங்! இந்தியாவுக்கு டார்கெட் 348. கடைசி ஓவருக்கு நாலு ரன் வேணும், கையில ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி ரெண்டு எடுத்து, அடுத்த பால்ல ஒண்ணு எடுத்து ஸ்கோரைச் சமன் பண்ணிட்டார். மிச்சம் மூணு பால், ஸ்ட்ரைக்ல மணீந்தர் சிங். இனி ஒரு ரன் போதும்.

கரெக்ட்டா அந்த நேரத்துல மேஸ்திரி கூப்பிட்டுட்டார். டிரம்ல இருந்து தோலை எடுத்துப் போடணும். மாமா போயிட்டார். மணீந்தர் எல்பிடபிள்யூ ஆனது, அம்பயர் விக்ரம்ராஜு கையைத் தூக்கினது எதையும் அவர் கேட்கல. திரும்பி வந்தா ரேடியோ ஆஃப். "இன்னா பாய் ஆச்சு?"னு கேட்டா, "யாரும் ஜெயிக்கலப்பா"ன்னாராம். டிரான்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி, மறுநாள் டீக்கடைப் பேப்பர்லதான் டைன்னு தெரிஞ்சிருக்கு. அந்தக் கோபத்துல ஆரம்பிச்சதுதான் நோட்டு!

மேற்கு முனையும் சளைச்சதில்ல. 2011 பிப்ரவரி 27, வேர்ல்டு கப், சின்னசாமி. சச்சின் 120 அடிச்சு இந்தியா 338. பதிலுக்கு ஸ்ட்ராஸ் 158. கடைசிப் பால்ல ரெண்டு ரன் வேணும், ஸ்வான் எடுத்தது ஒண்ணு. இங்கிலாந்தும் 338. டை! இந்த மேட்ச் டை ஆகும்னு ஷேன் வார்ன் முன்கூட்டியே ட்விட்டர்ல எழுதினது தனிக் கூத்து. அதே கிரவுண்டுல 2024 ஜனவரி 17, ஆப்கானிஸ்தான் டி-20. ரெண்டு டீமும் 212. சூப்பர் ஓவர் போட்டா அதுலயும் 16-க்கு 16! இன்டர்நேஷனல் டி-20-ல் ரெண்டாவது சூப்பர் ஓவர் வரைக்கும் போன முதல் மேட்ச் அது. ஆக, ஒரே ரோட்டோட ரெண்டு முனையிலயும் டை ஆகியிருக்கு.

தோத்த கணக்கும் இருக்கு. பாகிஸ்தான்கிட்ட 1987-ல் மேற்கே 16 ரன்ல தோத்தோம், கவாஸ்கர் தன்னோட கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ்ல 96 எடுத்தும். 1999-ல் கிழக்கே 12 ரன்ல, சச்சின் 136 எடுத்தும். ரெண்டையும் ஒரே கலர் பேனாவுல எழுதியிருக்கார்.

சாயங்காலம் பசங்களோட ஆடப் போனேன். ஏரிப் பக்கம் காலி இடம், தூரத்துல ஏலகிரி மலை. வேலிகாத்தான் புதருக்குள்ள நேரா அடிச்சா அவுட். பால்? டென்னிஸ் பால்தான். இந்தியாவுக்கே தோல் பதப்படுத்தி அனுப்புற பெல்ட் இது, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுனு. ஆனா தோல் பந்தைக் கையில தொட்ட பசங்க அன்னிக்கு வந்த பன்னெண்டு பேர்ல ரெண்டு பேர்தான். மாமாகிட்ட கேட்டா ஒரு கிளாஸே எடுத்துட்டார். "இங்க நம்ம பண்றது ஷூவுக்கு, குரோம் போட்டு மெத்துனு வரும். பாலுக்குப் படிகாரம் போட்டுப் பதம் பண்ணணும், அப்பதான் விறைப்பா நிக்கும். அதெல்லாம் மீரட் பக்கம்." 163 கிராமுக்கு மேல போகக் கூடாத ஒரு உருண்டை. இத்தனை டன் தோல் புரள்ற ஊர்ல அது ஒண்ணு இல்ல.

டென்னிஸ் பால்னு யாரும் ஏளனமா பார்க்க வேணாம். சின்னப்பம்பட்டி நடராஜனும் இதுல ஆரம்பிச்சவர்தான். நெட் பவுலரா ஆஸ்திரேலியா போய், 2020 டிசம்பர் 2-ல இருந்து 2021 ஜனவரி 15-க்குள்ள ஒருநாள், டி-20, டெஸ்ட் மூணுலயும் அறிமுகம். ஒரே டூர்ல இதைச் செஞ்ச முதல் இந்தியர். பசங்க எல்லாருக்கும் இது மனப்பாடம்.

மாமா பையன் மட்டும் அன்னிக்கு ஆட வரல. பிளஸ் டூ முடிச்சவன், ஊர்லயே பெஸ்ட் லெஃப்ட் ஹேண்டர். கரையில உட்கார்ந்து போன் பார்த்துக்கிட்டிருந்தான். காரணம் எனக்குத் தெரியும்.

2025 ஜூன் 3. பதினெட்டாவது சீசன்ல பெங்களூரு டீம் முதல் தடவையா ஐ.பி.எல். கப் அடிச்சது. மறுநாள் காலையில மச்சான் மூணு பிரெண்ட்ஸோட பைபாஸ்ல பஸ் பிடிச்சுட்டான். வீட்ல சொன்னது, "வாணியம்பாடி போறேன்". மத்தியானத்துக்கு மேல சின்னசாமி கேட் பக்கம் நெரிசல்னு டி.வி.யில ஓட ஆரம்பிச்சுது. அதுல செத்தவங்க 11 பேர். இவன் போன் ஸ்விட்ச்டு ஆஃப். மாமா அடிச்ச போன்ல நானும் ஹாஸ்டல்ல இருந்து நூறு தடவையாவது டயல் பண்ணியிருப்பேன். அத்தை ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறவங்க. கம்பெனி பஸ் இறக்கிவிட்ட இடத்துலயே, பைபாஸ் ஓரமா நின்னுட்டாங்களாம், வீட்டுக்கு வரவே இல்ல.

நைட் ஒண்ணரை மணிக்கு இறங்கினான். கால்ல ஒரே ஒரு செருப்பு. கேட் பக்கம் கீழ விழுந்து, யாரோ சட்டையைப் பிடிச்சுத் தூக்கி விட்டாங்களாம். அது யாருன்னு இன்னிவரைக்கும் தெரியாது. மாமா ஒரு வார்த்தை திட்டல. அத்தைதான் ரெண்டு அறை விட்டு, அப்புறம் சோறு போட்டாங்க.

நோட்டுல மேற்குப் பக்கத்துல 4-6-2025னு தேதி இருக்கு. பக்கத்துல '11'. ரன் இல்ல, விக்கெட் இல்ல, டீம் பேர் இல்ல.

அதுக்கப்புறம் பெண்கள் வேர்ல்டு கப்ல பெங்களூருக்கு ஒதுக்கின மேட்ச்களை எல்லாம் தூக்கிட்டாங்க. ஃபைனல்கூட, பாகிஸ்தான் வராத பட்சத்துல, பெங்களூருன்னுதான் முதல் அட்டவணையில இருந்துச்சு. நடந்தது நவி மும்பையில, 2025 நவம்பர் 2. ஷஃபாலி 87, தீப்தி 58 ரன் பிளஸ் அஞ்சு விக்கெட். தென் ஆப்பிரிக்காவை 52 ரன்ல ஜெயிச்சு இந்தியப் பெண்களுக்கு முதல் உலகக் கோப்பை. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அத்தைக்கு லீவு. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு மேட்ச்சை முழுசா, நடுராத்திரி வரைக்கும் உட்கார்ந்து பார்த்திருக்காங்க. மறுநாள் கம்பெனி பஸ்ல எல்லாப் பொண்ணுங்களுக்கும் அதே பேச்சுதானாம்.

"இதை எழுதலையா மாமா?"ன்னு கேட்டேன்.

"நம்ம ரோட்டுல நடக்கலையே மாப்ள"ன்னார்.

"நடந்திருக்க வேண்டியதுதானே?"ன்னு உள்ள இருந்து அத்தை குரல். "எழுதுங்க!"

மாமா பேனா தேடினார். கிழக்கா, மேற்கான்னு கொஞ்ச நேரம் யோசிச்சு, நடுவுல மார்ஜின்ல தீப்தி சர்மா பேரை எழுத ஆரம்பிச்சார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. மச்சான்தான் பைக்குல பைபாஸ் வரைக்கும் கொண்டு வந்து விட்டான். பெங்களூரு பஸ் ஒண்ணு கிராஸ் பண்ணப்போ ரெண்டு பேரும் பேசிக்கல. அப்புறம் அவனே, "ண்ணா, டெஸ்ட்ல மொத்தம் எத்தனை டை, சொல்லு பார்ப்போம்"ன்னான்.