மை ஏறாத பக்கம்

1985இல் நான் பத்தாவது பெயிலானதும் எங்கம்மா என்னை விழுப்புரத்தில் ஒரு அச்சகத்தில் கொண்டுபோய் விட்டது. அந்த முதலாளி நிலத்தில் அம்மா நடவுக்குப் போன பழக்கம். "படிப்பு ஏறல சாமி, எழுத்தையாவது கோக்கட்டும்" என்று கும்பிட்டுச் சொன்னது. முதலாளி என்னைக் கம்போசிங் பக்கம் விடவில்லை. "எழுத்துப் பொட்டிகிட்ட உனுக்கு இன்னாடா வேல, மிஷின மிதி" என்றார். மிதித்தேன். ஒரு நாளைக்கு ஆயிரம், ரெண்டாயிரம் தாள். டீ குடிக்க எனக்கு ஒரு அலுமினிய டம்ளர். அது பின்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். நானே எடுத்து, நானே கழுவி, நானே மாட்ட வேண்டும்.

கோயில் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் நான் அடித்ததுதான். ஒவ்வொரு தாளும் என் கையால் உள்ளே போய் என் கையால் வெளியே வந்தது. ஆனால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ மட்டும் முதலாளி மகன் வருவான். மஞ்சளுக்கு என் கை ஆகாது.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் மிஷின்மேன் பாய். பேரணாம்பட்டுக்காரர். அவர் டம்ளரிலேயே பாதி டீயை எனக்குக் கொடுப்பார். தாளில் ஒரு பக்கம் கறுப்பாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் விழுந்தால் கத்துக்குட்டிகள் உடனே மையை அள்ளிப் போடுவார்கள். பாய் கையைப் பிடித்துக்கொள்வார். "மொதல்ல தாளத் திருப்பு தம்பி. முதுகத் தடவு" என்பார். பின்பக்கம் விரலுக்கு எழுத்து தட்டுப்பட்டால் அழுத்தம் சரி, மைதான் எழுத்துக்குப் போய்ச் சேரவில்லை. பின்பக்கம் வழவழவென்று இருந்தால் அழுத்தம் போதவில்லை. இந்த ரெண்டையும் குழப்பிக்கொண்டவன் விடிய விடிய மிஷினோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ரோலர் வார்ப்பதையும் அவரிடம்தான் பார்த்தேன். அப்போது ரப்பர் ரோலர் எல்லா அச்சகத்திலும் இல்லை. வச்சிரத்தை ஊறவைத்து, கிளிசரினும் பாகும் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்கி, குழாய் அச்சில் ஊற்றி ஆறவிடுவார். மழைக்காலத்தில் அது ஈரம் குடித்து உப்பும். வெயிலில் இளகும். பழசானால் காய்ந்து சிறுக்கும். "வச்சிரம் எதுல செய்றாங்க தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டார். தெரியாது என்றேன். "தோலு, எலும்பு. எங்க ஊரு தோல் ஷாப்புல உங்க ஆளுங்க சீவிப் போடுற தோலுதான்" என்றார்.

எங்க தாத்தா செத்த மாடு தூக்கியவர். அதைச் சொல்லித்தான் எங்களை ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள். அந்தத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிர ரோலர்தான் பஞ்சாங்கத்துக்கும் கும்பாபிஷேகப் பத்திரிகைக்கும் மை தடவியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபமா சிரிப்பா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

பாய் 1989இல் ஊருக்குப் போய்விட்டார். மிஷின் என் பொறுப்பானது. டம்ளர் ஆணியில்தான் இருந்தது.

1991 ஏப்ரல். அம்பேத்கர் நூற்றாண்டு. எங்க தெருப் பையன்கள் வீடு வீடாகப் போய் எட்டணா, ஒரு ரூபா என்று வசூலித்து ஆயிரம் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார்கள். முதலாளி காசை எண்ணி வாங்கிக்கொண்டு, வேலையை 13ஆம் தேதி சாயங்காலம் வரை தள்ளிப் போட்டார். மறுநாள் விடிந்தால் விழா. கம்பாசிட்டர் கோர்த்துப் பூட்டிய பாரத்தை மிஷினில் மாட்டி முதல் தாளை எடுத்தேன். வலது பக்கம் மை அப்பிக்கொண்டு எழுத்தின் கண்ணெல்லாம் அடைத்திருந்தது. இடது பக்கம் சாம்பல். 'அம்பேத்கர்' என்ற பெரிய எழுத்தில் 'அம்' தேய்ந்துபோய்க் கிடந்தது.

முதலாளியிடம் காட்டினேன். "போதும், வுடுடா. உங்க ஆளுங்க எவன் படிக்கப் போறான்" என்றார். சாவியை என்னிடம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்படியே அடித்துக் கொடுத்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். இல்லை, கேட்டிருப்பார்கள். "கோயிலுக்கு அடிச்சா கறுப்பா வருது, நம்ம தலைவருக்கு அடிச்சா வெளுத்துப் போவுதா?" என்று என் தெருவே கேட்டிருக்கும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தாளைத் திருப்பித் தடவினேன். ரெண்டு பக்கமும் அழுத்தம் ஒரே மாதிரி இருந்தது. ஆக, மைக் கோளாறு. மேலே இருக்கும் மைத்தட்டு ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் சுற்றுகிறதா என்று பார்த்தேன். சுற்றியது. தட்டில் மை சீராகத்தான் பரவியிருந்தது. ரோலரை எழுத்துமேல் மெதுவாக நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். ரோலர் தொட்ட இடத்தில் ஒரு மைக்கோடு விழும். அரைக்கால் அங்குலத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சரி என்று பாய் சொல்லியிருந்தார். வலது பக்கம் கோடு விரலகலம். இடது பக்கம் நூல் மாதிரி.

ரோலர்களைக் கழற்றித் தலைமாற்றிப் போட்டேன். குறை ரோலரில் இருந்தால் ரோலரோடு இடம் மாறியிருக்கும். மாறவில்லை. இடது பக்கம் அதே சாம்பல். அப்போதுதான் புரிந்தது. ரோலரின் ரெண்டு முனையிலும் சின்னச் சக்கரம் உண்டு. அது ரெண்டு பக்கத் தண்டவாளத்தில் ஓடுகிறது. வலது தண்டவாளம் எண்ணெய் காணாமல் பல வருஷம் ஓடித் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அந்தப் பக்கம் ரோலர் இறங்கி எழுத்தை நசுக்கியது. ரோலரும் பழசு, சிறுத்துப்போயிருந்தது. சக்கரமோ சிறுக்கவில்லை. அதனால் தண்டவாளம் சரியாக இருந்த இடது பக்கத்தில் ரோலர் எழுத்தைத் தொட்டும் தொடாமலும் போனது.

வலது தண்டவாளத்தில் ஒயர் சுற்றும் கறுப்பு டேப்பை ரெண்டு அடுக்கு ஒட்டினேன். ரெண்டு பக்கமும் சமமானது. ஆனால் இப்போது ரெண்டு பக்கமும் மங்கல். ரோலரை இறக்க வழியில்லை. எழுத்தைத்தான் ஏற்ற வேண்டும். பாரத்துக்கு அடியில் ஒரு அட்டை கொடுத்தேன். எழுத்து உயர்ந்தால் அழுத்தமும் கூடிவிடும், தாள் கிழியும். அதற்கு ஈடாகத் தாள் வைக்கும் பலகையில் பேக்கிங்கிலிருந்து சில தாள்களை உருவினேன்.

அடித்துப் பார்த்தேன். இடமும் வலமும் ஒரே கறுப்பு. 'அம்பேத்கர்' வந்தது. ஒரு எழுத்து மட்டும் வரவில்லை. 'க'. யோசித்தால் காரணம் தெரிந்தது. அந்தப் பெரிய எழுத்துப் பெட்டியில் அதிகம் உழைத்தது 'க'தான். கல்யாணம், காதணி, கோயில், கணபதி துணை. அவர்களுக்கு உழைத்தே தேய்ந்துபோன எழுத்து, எங்களுக்கு வரும்போது குட்டையாகிப்போய் நிற்கிறது.

மேலேயிருந்து சரிசெய்ய ஒரு வழி உண்டு. பலகையில் அந்த இடத்துக்கு நேராக ஒரு துண்டுத் தாள் ஒட்டலாம். அழுத்தம் கூடும். ஆனால் மை வராது. ரோலருக்கு எட்டாத எழுத்தை எவ்வளவு அழுத்தினாலும் தாளில் பள்ளம்தான் விழும். அடியிலிருந்து தூக்க வேண்டும். அதற்குப் பாரத்தின் பூட்டைத் திறக்க வேண்டும். ஆறு வருஷத்தில் நான் அதைத் திறந்ததில்லை. தவறினால் எழுத்தெல்லாம் கொட்டிவிடும், திரும்பக் கோர்க்க ஆள் இல்லை. கல்லின் மேல் வைத்துத் திறந்தேன். கை நடுங்கியது. 'க'வை உருவி, அதன் காலில் மெல்லிய தாளைப் பசை தடவி ஒட்டி, திரும்பச் செருகிப் பூட்டினேன்.

விடியற்காலையில் ஆயிரம் நோட்டீசும் முடிந்தது. பையன்கள் வந்து வாங்கிக்கொண்டு ஓடினார்கள். மை காயாமல் விரலில் ஒட்டியது. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நோட்டீசை வாங்கிப் பார்த்து, "நல்லா கறுகறுன்னு கீது" என்றது.

முதலாளி பதினொரு மணிக்கு வந்து தாளைப் பார்த்தார். எப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. "இந்த மாதிரியே கல்யாணப் பத்திரிகையையும் அடி" என்றார். டேப்பைப் பிய்க்கச் சொல்லவில்லை. அம்பேத்கருக்காக நான் ஒட்டிய டேப்பின் மேல் ஓடித்தான் அதற்குப் பிறகு அந்த அச்சகத்தின் எல்லாச் சாமிக்கும் மை ஏறியது. அந்த மே மாதமே நான் ஆணியிலிருந்து டம்ளரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுக் கணக்கு முடித்துக்கொண்டேன்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், ரெட்டமலை சீனிவாசன் 1893இலேயே 'பறையன்' பத்திரிகை நடத்தினார் என்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார் என்று. ரெண்டுமே ஈய எழுத்து கோர்த்து மை தடவி அடித்தவை. எழுத்துப் பெட்டிகிட்ட உனக்கென்ன வேலை என்று முதலாளி கேட்ட அன்று எனக்கு இது தெரியாமல் போய்விட்டது.

டிரெடில் காலம் போய்விட்டது. ஆப்செட் வந்து அந்த மிஷினும் பழைய இரும்புக்கு எடை போடப்பட்டது. ஆனால் எங்கள் எழுத்தைப் பற்றி ஒரு பேச்சு மட்டும் போகவில்லை. சீராக இல்லை, ஒரு இடம் கறுக்கிறது, ஒரு இடம் வெளுக்கிறது, இன்னும் பக்குவப்பட வேண்டும் என்கிறார்கள். கூட்டத்திலும் சொல்கிறார்கள், மதிப்புரையிலும் எழுதுகிறார்கள். அவர்களுக்கு பாய் எனக்குச் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும். மொதல்ல தாளைத் திருப்புங்க. முதுகைத் தடவிப் பாருங்க. அழுத்தம் இருக்குதா இல்லையான்னு உங்க விரலுக்கே தெரியும். அப்புறம் போய்த் தண்டவாளத்தைப் பாருங்க.