மீன்களுக்கு ஒரு விடியற்காலம்

எங்கள் கூடத்தில் இருக்கும் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியில், அதிகாலை இருட்டில் சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் எல்.இ.டி. விளக்கு முழுப் பிரகாசத்தோடு பளீரென்று எரிய, இமையென்பதே இல்லாத ஏஞ்சல் மீன்கள் திகைத்துப்போய்க் கண்ணாடிச் சுவரில் முட்டி மோதுவதைப் பல நாள் கண்டு மனம் பொறாமல்தான், வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூருக்கு ஒரு நாள் புறப்பட்டேன். போதாக்குறைக்கு, அளவுக்கு மிஞ்சிய வெளிச்சத்தால் இலைகள்மீதெல்லாம் பாசி படர்ந்து, செடிகளும் நலிந்துகொண்டிருந்தன.

மீன்கடைகள் வரிசையாக நிற்கும் தெருவொன்றில், ஒரு கடையின் பின்கட்டில், முன்பு ரேடியோவும் தொலைக்காட்சிப் பெட்டியும் பழுதுபார்த்துவந்த பெரியவர் ஒருவர், இப்பொழுது தொட்டி விளக்குகளும் அவற்றின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்களும் செய்து தருகிறார். ரிச்சி தெருவில் வாங்கிவந்த உதிரிப் பாகங்கள் மிட்டாய் டப்பாக்களில் தரம்வாரியாகக் கிடந்தன. அவருக்கு உதவியாக இருந்த பெண், ஈயப் புகை முகத்தில் படாதபடி சிறு மின்விசிறியை ஓடவிட்டு, தலை நிமிராமல் சால்ட்ரிங் செய்துகொண்டிருந்தாள்.

"ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டால் வெளிச்சம் குறையாதா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஒரு 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை எடுத்து அப்படியே செய்து காட்டினார். வெளிச்சம் குறைந்தது வாஸ்தவம். ஆனால் ரெசிஸ்டர் சற்று நேரத்துக்கெல்லாம் தொட முடியாத உஷ்ணமாயிற்று. "கரன்டை வீணா சூடாக்குறோம் சார். வோல்ட்டைக் குறைச்சும் பிரயோஜனமில்ல. மூணு மூணா கோத்த எல்.இ.டி., கொஞ்சம் குறைஞ்சாலே ஒரேயடியா மங்கிடும்" என்றார்.

அவர் கையாளும் சூட்சுமம் வேறு. விளக்கை மங்கலாக எரியவிடுவதே இல்லை. முழுப் பிரகாசத்தில் எரியவிட்டு, முழுவதுமாக அணைத்து, மறுபடி எரியவிட்டு, இப்படி ஒரு விநாடிக்குள் சுமார் 1,400 தடவை செய்தால், எரிந்த நேரத்துக்கும் அணைந்த நேரத்துக்கும் உள்ள விகிதத்தையே கண் வெளிச்சத்தின் அளவாக ஏற்றுக்கொள்கிறது. இந்தக் காரியத்தைச் செய்வது, ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் 1971-இல் சிக்னெட்டிக்ஸ் கம்பெனிக்காக வடிவமைத்த 555 என்னும் எட்டுக்கால் ஐ.சி. ஒரு சிறு கெப்பாசிட்டர் நிறைவதும் வடிவதுமாக இருக்க, நிறையும் வழிக்கு ஒரு டயோடும் வடியும் வழிக்கு ஒரு டயோடும் வைத்து, நடுவே 100 கிலோ ஓம் வால்யூமைப் பொருத்திவிடுகிறார். குமிழைத் திருப்பும்போது ஒரு பக்கத்தில் கூடியது மறுபக்கத்தில் குறைவதால், துடிப்பின் வேகம் மாறாமல் விகிதம் மட்டும் மாறுகிறது. ஐ.சி.யின் மூன்றாம் காலிலிருந்து வரும் அந்தத் துடிப்பு, ஐ.ஆர்.எஃப்.இசட்.44என் என்ற மாஸ்ஃபெட்டைத் திறந்து மூட, பட்டையின் மொத்தக் கரன்டும் அதன் வழியாகப் போய்வருகிறது.

அவருடைய முதல் டிம்மர்களில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்ததாம். அதனால் துடிப்பு விநாடிக்குச் சுமார் 140 தான். கண்ணுக்குக் குறை தெரியாவிட்டாலும், மீனைக் கைபேசியில் படம் எடுத்தவர்கள் குறுக்கே கருங்கோடுகள் ஓடுவதாகச் சொன்னார்கள். விற்ற டிம்மர்களையெல்லாம் திரும்ப வரவழைத்து, 0.01-ஆக மாற்றித் தந்ததற்கு அவர் ஒரு காசு வாங்கவில்லை.

அந்தப் பெண்ணின் வேலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்ஃபெட்டை எடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் எர்த் கொடுத்த இரும்புத் தகட்டைத் தொட்டாள். உடம்பில் தேங்கிய மின்சாரம் கண்ணுக்குத் தெரியாமலே மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கேட் என்னும் காலைக் கொன்றுவிடுமாம். கேட்டுக்கும் மைனஸுக்கும் இடையில் அவள் வைத்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் எதற்கு என்றேன். "ஐ.சி. கழண்டுபோனாலும் விளக்கு தானா எரியக்கூடாதுல்ல சார், ராத்திரி மீன் தூங்கணும்" என்றாள்.

அப்புறம் பெரியவர் சிலிக்கான் டியூப் இரண்டைக் காட்டினார். தொட்டி ஒட்டும் சிலிக்கானில் புளித்த வாடை வீசும். அந்த அமிலம் செம்பைத் தின்றுவிடுமாதலால், ஒயர் முனைகளை மூடுவதற்கு வாடையற்ற வேறு சிலிக்கானையே உபயோகிக்கிறார். அது விலை அதிகம். விளக்கைத் திறந்து பார்க்காத வாடிக்கைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. அலுமினியச் சட்டத்தில் பட்டை ஒழுங்காக ஒட்டியிருப்பதால் அது சூடேறாமல் நெடுநாள் உழைப்பதும் தெரியப்போவதில்லை. பெட்டியில் வரும் வெளிநாட்டு விளக்கு இதைவிட மலிவென்று என் கண்ணெதிரே ஒருவர் பேரம் பேசியபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

என் டிம்மர் முடிந்ததும், இருட்டறையில் இருந்த நியான் டெட்ரா தொட்டிமேல் பட்டையை வைத்து, குமிழை என்னையே திருப்பச் சொன்னார். "மெதுவா சார், இன்னும் மெதுவா."

முதலில் தண்ணீரின் மேல்மட்டம் மட்டும் சாம்பலாய்த் தெரிந்தது. கீழே அசையாமல் நின்ற மீன்களின் சாயம் இருட்டில் வெளுத்துக் கிடந்தது. ஒன்றுகூடத் துள்ளவில்லை. நான் மயிரிழை மயிரிழையாகக் குமிழைத் திருப்பத் திருப்ப, ஒரு மீனின் விலாவில் நீலக்கோடு தோன்றிற்று, பிறகு அடுத்ததில், பின்பு கூட்டமாக அவை முன்னே நகர்ந்து வந்தன. மேஜையோரம் அந்தப் பெண் அடுத்த போர்டை எடுத்துக்கொண்டு, இரும்புத் தகட்டை ஒருமுறை தொட்டாள்.