கொம்பும் காலும்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புச் சாமான் கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். கணினியில் இருக்கும் சரக்குப் பட்டியலில் 'கொக்கி' இரண்டு இடத்தில் வருகிறது. ஓரிடத்தில் இருப்பு 40, இன்னோரிடத்தில் 12. எழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் இல்லை.

கணினிக்கு உண்டு. யூனிக்கோடில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போடலாம். பைத்தான் நிரல்மொழியில் அகராதி வேலை பார்க்கும் டிக்ட் உருவத்தைப் பார்ப்பதில்லை, குறியெண்ணைத்தான் பார்க்கும். அதற்கு இவை இரண்டு சாவிகள்.

பரிகாரம் சின்னது. டிக்ட்டுக்கு ஒரு துணைவகுப்பு எழுதி, சாவி நுழையும் வாசலில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும்: கொம்பும் காலும் பிரிந்து வந்தால் சேர்த்து உள்ளே விடு. தேடி வரும் சாவிக்கும் அதே சோதனை. மற்றதைத் தாய்வகுப்பு பார்த்துக்கொள்ளும். 2001 டிசம்பரில் பைத்தான் 2.2 வரும்வரை இதற்கு வழியில்லை. உள்ளமைந்த வகைகளிலிருந்து வாரிசு எடுக்க முடியாது. யூசர்டிக்ட் என்ற உறையை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

வழி பிறந்த பிறகும் ஒரு குசும்பு பாக்கி. சரக்கை 'அப்டேட்' என்று மொத்தமாகக் கொட்டினால் அது நாம் ஆள் நிறுத்திய வாசலுக்கே வராது. சி மொழியில் எழுதப்பட்ட டிக்ட்டுக்குச் சொந்தமாகக் கொல்லைப்புற வழி இருக்கிறது. அதையும் அடைக்க அப்டேட்டைத் திருத்தி எழுத வேண்டும். அல்லது, இத்தனைக்குப் பிறகு, பழைய யூசர்டிக்ட்டிடமே போக வேண்டும்.

கொம்புத் தகராறு தமிழுக்குப் புதிதல்ல. முன்பு தலைகீழாக இருந்தது. குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வைக்கவேண்டும் என்பது இலக்கணம். ஓலையில் எழுத்தாணியால் யார் புள்ளி குத்துவது? விட்டுவிடுவார்கள். அதனால் 'கொ'வும் 'கோ'வும் ஒரே கோலத்தில் நின்றன. அன்று ஓர் உருவத்துக்கு இரண்டு ஒலி. இன்று ஓர் உருவத்துக்கு இரண்டு குறியெண் வரிசை. நெடிலுக்குச் சுழித்த கொம்பு கொடுத்து வழக்கைத் தீர்த்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்வார்கள்.

1732-இல் சதுரகராதி செய்தவரும் அவர்தான். அதற்கு முன்பிருந்த சொற்பொருள் நூல்களான நிகண்டுகள், திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும், செய்யுளில் இருந்தன. மனப்பாடம் செய்தவருக்குத்தான் சொல் அகப்படும். 1594-இல் வந்த அகராதி நிகண்டு முதலெழுத்தை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு நின்றுகொண்டது. வீரமாமுனிவர் பழைய சொற்களஞ்சியத்தை வைத்துக்கொண்டே தேடும் முறையை நான்காக்கினார். சொல்லுக்குப் பொருள் தேடுபவருக்குப் பெயரகராதி. ஒரு பொருளின் மற்றப் பெயர்களைத் தேடுபவருக்குப் பொருளகராதி. முக்குணம், ஐம்பொறி என்று எண்ணிக் கேட்பவருக்குத் தொகையகராதி. எதுகை கிடைக்காமல் தவிக்கும் புலவருக்குத் தொடையகராதி. நிகண்டுக்கு நான்கு வாரிசுகள்.

முழு நூல் சென்னையில் அச்சேறியது 1824-இல். அதுவரை ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியே அது புழங்க வேண்டியிருந்தது. சுழித்த கொம்பு கைவராத ஒருவர் படியெடுத்திருந்தால், ஆசிரியர் பிரித்து வைத்த குறிலும் நெடிலும் அந்தப் படியில் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும். வாசல் ஆளிடம் காட்டாமல் சரக்கை உள்ளே கொட்டும் அப்டேட்டின் அதே வேலைதான்.