பொயின்ற்றா, இலத்திரனியலா?

எங்கள் மொரிஸ் மைனருக்கு இலத்திரனியல் எரிபற்றல் முறையே உகந்தது என்கிறார் கராஜ்காரர். கார்பரேற்றரை மாற்ற வேண்டியதில்லை, தேயும் பொயின்ற் இல்லை, 0.4 மில்லிமீற்றர் இடைவெளியை அடிக்கடி சரிபார்க்கும் தொல்லையும் இல்லை.

என் நினைவோ 1990களின் படுவான்கரைக்குச் சென்றது. பெற்றோல் அரிதான காலம். சில துளிகளில் இயந்திரத்தை இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அன்று வாவியைக் கடக்கத் துறைக்கே போகவேண்டும். ஓரிரவு, பிரசவ வலியில் துடித்த அயல்வீட்டுப் பெண்ணைத் துறைக்கு ஏற்றிச் செல்கையில் வண்டி நின்றுவிட்டது. கறுத்துப்போன பொயின்ற்றைச் சாரதி தீப்பெட்டியின் உரசுபக்கத்தால் தேய்த்தார். பொறி பறந்தது, வண்டியும் நகர்ந்தது.

இலத்திரனியல் பாகம் பழுதானால் வீதியோரத்தில் அப்படித் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. புதியதையே பொருத்தச் சொன்னேன். கழற்றிய பொயின்ற்றையும் கொண்டென்சரையும் துணியில் சுற்றி, ஒரு தீப்பெட்டியோடு வண்டிக்குள் வைத்திருக்கிறேன்.