புளொக் கல்லும் போத்தல் ஜக்கும்

எங்கட வீட்டு மொரிஸ் மைனருக்கு எங்களைவிட வயது கூட. போன விடுமுறையில் பிரேக் பார்க்கிறோம் என்று நாங்கள் இரண்டு பேரும், டிஃபரன்ஷலுக்குக் கீழே போத்தல் ஜக்கை வைத்து பின்பக்கத்தைத் தூக்கினோம். ஹான்ட் பிரேக் இழுத்திருந்தது, கியரும் விழுந்திருந்தது. இரண்டுமே பின் சில்லுகளைத்தான் பிடிக்கும். அவை நிலத்தைவிட்டு எழும்பினால் காரைப் பிடிக்க ஒன்றுமில்லை. அது எங்கட மண்டைக்குள் ஏறவில்லை. கார் மெல்ல முன்னுக்கு உருள, ஜக் சரிந்து, டப்பென்று விழுந்தது. சற்று முன்புதான் சின்னவன் உருண்டுபோன நட்டை எடுக்க அடியில் கையை விட்டிருந்தான்.

அப்பா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். முட்டுக்கொடுக்க நாங்கள் எடுத்து வைத்திருந்த புளொக் கல்லைக் காலால் தள்ளினார். "இது சொல்லிப்போட்டு நொருங்காதடா."

கராஜில் இரண்டு ஸ்ராண்ட் இரவல் வாங்கி வந்தார். முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் மரக்குத்தி. முற்றத்து மணலில் ஜக் புதையாமல் கீழே தடித்த பலகை. அக்சிலின் இரு பக்கமும் ஸ்ராண்டை வைத்து, பாரத்தை அதில் இறக்கிவிட்டு, தோளால் காரை இடித்துப் பார்த்தார். அசையவில்லை.

"இப்ப போங்கோ."

சின்னவன் போகவில்லை. டோர்ச் பிடித்தான்.